வீட்டு ஓனருக்கு ஒரு போன்

சொந்த வீடு வாங்கப் போகிறவனுக்கு எல்லோரும் பத்திரம், பட்டா, வாஸ்து என்று ஆலோசனை சொல்வார்கள். இனிமேல் திட்டுவதற்கு ஓனர் இருக்க மாட்டார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசரான நான், பல வருஷம் கரீம் பாய் வீட்டில் வாடகைக்கு இருந்தவன். குழாய் ஒழுகினால் அவருக்குப் போன். ஃபேன் சுற்றாவிட்டாலும் அவருக்குப் போன். (கரன்ட் போனதற்குக்கூட ஒருமுறை கேட்டிருக்கிறேன்.)

சொந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு முதல் மழை. ஞாயிறு காலை, ஹாலில் புது சோபா மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கை தானாகப் போனை எடுத்தது.

"இன்னா பாய், மேலேர்ந்து தண்ணி ஊத்துது! இன்னா வீடு கட்டி வெச்சிருக்கீங்க?"

"பேஜார் ஆவாதீங்க சார், தோ ஆளோட வர்றேன்."

வெற்றியோடு போனை வைத்தேன். பக்கெட்டோடு வந்த என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள்:

"யார்கிட்ட சண்டை?"

"ஓனர்கிட்ட."

"இந்த வீட்டுக்கு யாருங்க ஓனர்?"

விஷயம் உறைத்ததும் பாய்க்கு மறுபடி போன் போட்டேன். எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் பறந்தேன்.

அங்கே பிளம்பர் பாத்ரூம் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். புதிதாகக் குடிவந்தவர் தலை நிறைய ஷாம்பு நுரையோடு, துண்டு கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "எங்கயும் ஒழுகலன்னு சொல்றேன், கேக்கவே மாட்டேங்கறாங்க சார்!"

பாய் என்னைப் பார்த்ததும், "வாங்க சார், எங்க ஒழுகுது, காட்டுங்க" என்றார். நான் வீட்டைக் காலி செய்ததை அவரும் மறந்திருந்தார்.

"இங்க இல்ல பாய். என் சொந்த வீட்டுல."

பாய் உடைந்த சுவரைப் பார்த்தார். பிறகு என்னை.

"அப்ப அந்த ஓனர்கிட்ட இல்ல சொல்லணும்?"

"நான்தான் பாய் ஓனர்."

பிளம்பர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

சுவரைச் சரிசெய்யும் செலவு என் தலையில் விழுந்தது. நல்ல மனிதர் பாய், பிளம்பரோடு என் வீட்டுக்கும் வந்தார். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் போகும் ஓட்டையை, புதுமனை புகுவிழாவுக்கு நான் ஆசையாகக் கட்டிய தோரணம் அடைத்திருந்தது. அதை உருவி எடுத்து, "ஓனர் சரியில்ல சார்" என்றார் பாய்.

இப்போதும் வீட்டில் பல்ப் போனால் சமையலறையிலிருந்து என் மகள் எனக்குப் போன் போடுகிறாள். "ஹலோ, ஹவுஸ் ஓனருங்களா? எப்ப வந்து மாத்துவீங்க?"

சோபாவில் படுத்தபடியே சொல்கிறேன்: "ஊர்ல இல்லம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்."