கயித்துக்கடை அண்ணாச்சியின் காருக்கு மூச்சு முட்டிய கதை

தூத்துக்குடியில் பெரிய கார் வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. உப்புக்காரர்கள் வைத்திருக்கிறார்கள், கப்பல் ஏஜென்சிக்காரர்கள் வைத்திருக்கிறார்கள், மக்ரூன் விற்றே கார் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காருக்காகத் தன் மூச்சை அடக்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கயித்துக்கடை அண்ணாச்சி.

அவர் வீட்டு மாடியில் சில வருஷம் குடியிருந்தேன். அவருடைய உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கே தெரியாது. கடையில் கயிறு, வலை, நங்கூரம் எல்லாம் விற்பார். ஆனால் கேட்டவுடன் கயிறு தந்துவிட மாட்டார். சங்கு எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறவர்கள் வந்தால் அவர் வைக்கும் இன்டர்வியூவில் தேறுவது பெரும்பாடு.

"மச்சினன் இருக்கானால?" என்பார்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல அண்ணாச்சி."

"அப்ப மொதல்ல கல்யாணத்த முடி. பொறவு வா, கயிறு தாரேன்."

காரணம், எங்கள் கடற்கரையின் பழைய வழக்கம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவன் கடலுக்கு அடியில் போனால், மறுமுனையைப் படகில் பிடித்திருக்க வேண்டியவன் அவனுடைய மச்சினன். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது. அவன் கண் அசர மாட்டான். அண்ணாச்சி கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனாலும் மறுமுனையை யார் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு முழம் கயிறு விற்றதில்லை.

இப்படிப்பட்டவருக்குத் தன் மச்சினனோடு பேச்சுவார்த்தை கிடையாது என்பதுதான் வேடிக்கை.

மச்சினன் பெயர் தங்கராசு. உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம். புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, பந்தல் போடக் கயிற்றை வேறு கடையில் வாங்கிவிட்டார். அண்ணாச்சி உள்ளே நுழைந்தார், நிமிர்ந்து பார்த்தார், பந்தல் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். "இது கயிறால?" என்று கேட்டுவிட்டு, கை நனைக்காமல் திரும்பிவிட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பந்தல் ஒரு பக்கம் சரிந்தது. அண்ணாச்சி சுண்டியதால்தான் சரிந்தது என்றார் தங்கராசு. அதோடு இரண்டு வீட்டுக்கும் நடுவில் போக்குவரத்து நின்றுபோனது.

இதில் மாட்டிக்கொண்டவர் மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, தங்கராசின் அக்கா. அண்ணாச்சி அவரைப் போகக்கூடாது என்று சொன்னதில்லை. "அவிய வராத வீட்டுக்கு நான் மட்டும் என்னன்னு போவ?" என்று மதினியே இருந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. எப்போது பார்த்தாலும் கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

இந்த நிலையில்தான் அண்ணாச்சி கயிறு ஏற்ற ஒரு சின்ன லோடு வண்டி வாங்கலாம் என்று மதினியோடு திருநெல்வேலிக்குப் போனார். லோடு வண்டிக் கடையில் வெக்கை தாங்காமல், மதினி பக்கத்து ஷோரூமின் ஏசியில் போய் நின்றார். அது பெரிய மனிதர்களுக்கான எலக்ட்ரிக் கார் ஷோரூம். அங்கிருந்த பையன் மரியாதையாக ஒரு காரின் பின் சீட்டில் உட்காரவைத்தான். அண்ணாச்சி தேடிக்கொண்டு வந்தபோது மதினி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பையன் காரின் அருமை பெருமைகளை ஆரம்பித்தான். அண்ணாச்சி அவன் வாயைப் பொத்தாத குறைதான்.

"சத்தம் போடாதீங்க தம்பி. அவ தூங்குதா."

மதினி விழிக்கும்வரை அந்தக் காரின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாராம். அவர் விழித்ததும் அண்ணாச்சி பையனிடம் சொன்னார்: "இதையே எழுதிக்கிடுங்க." லோடு வண்டி வாங்கப் போனவர், அரண்மனை மாதிரி ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கயிற்று லோடு வழக்கம்போல டிரைசைக்கிளிலேயே போனது.

கார் வந்த அன்று அண்ணாச்சி முதலில் பார்த்தது சீட்டையோ ஸ்டீயரிங்கையோ அல்ல, சார்ஜ் போடும் கேபிளை. வளைத்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"முறுக்கு இல்ல. ஆனா கெட்டி. சரி தம்பி, மறுமுனைய யாரு பிடிக்கது?"

"பிளக்ல சொருகிட்டு நீங்க போய்த் தூங்கலாம் சார்" என்றான் காரைக் கொண்டுவந்த பையன்.

"கயித்தக் கெட்டிவிட்டுட்டுத் தூங்குதவன் மனுசனால?" என்றார் அண்ணாச்சி, என்னைப் பார்த்து.

சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கேபிளை மடியில் வைத்துக்கொண்டு காரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் ஒருநாள் வாய் கொழுப்பில், "இதுக்கும் மச்சினனைத்தான் கூப்பிடணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் கேபிளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரையில் தெரியும் சார்ஜுக்கு அவர் வைத்த பெயர் மூச்சு. திரையில் வருவதைப் படித்துச் சொல்வது என் வேலை. ஆபீஸ் முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றவிடாமல் முன் சீட்டில் ஏற்றிவிடுவார்.

"எம்புட்டு மூச்சுலே இருக்கு?"

"எண்பத்தஞ்சு அண்ணாச்சி."

எண்பதுக்குக் கீழே இருந்தால் வண்டி தெருவைத் தாண்டாது. வழியில் நாற்பதைத் தொட்டால் ஏசியை அணைப்பார், கண்ணாடியை இறக்குவார், தன் மூச்சையும் அடக்கிக்கொள்வார். "நீயும் மெள்ள விடுலே" என்பார். காருக்கும் என் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க முடியாது. கேட்டால் அதற்கும் மூச்சு செலவாகும்.

இறக்கத்தில் போனால் சார்ஜ் கொஞ்சம் திரும்ப ஏறும் என்று நான் சொன்னது என் போதாத காலம். மேடு பள்ளமே இல்லாத எங்கள் ஊரில் இறக்கத்துக்கு எங்கே போவது? மேம்பாலத்துக்குப் போனார். ஏறி இறங்கினார். ஒரு மூச்சு கூடியது. சந்தோஷத்தில் திரும்பவும் ஏறினார்.

"ஏறும்போது ரெண்டு போயிருது அண்ணாச்சி, எறங்கும்போது ஒண்ணுதான் வருது."

"போனது போவட்டும்லே. வந்ததச் சொல்லு."

காருக்குள் ஒரு பெண் குரல் இருந்தது. ஏதாவது சொன்னால் பதில் சொல்லும். அண்ணாச்சி வீட்டில் மதினியைக் கூப்பிடுகிற மாதிரியே அதனிடம், "ஏளா, கொஞ்சம் குளிரக் கூட்டு" என்றார். அது மிகுந்த பணிவோடு, "சாரி, ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்" என்றது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மதினி விழித்துக்கொண்டார். "யார ஏளான்னு கூப்பிடுதிய?" அதற்குப் பிறகு அண்ணாச்சி அந்தக் குரலை 'தாயி' என்றுதான் அழைத்தார். அப்போதும் அதற்குப் புரியவில்லை.

கார் சத்தமே போடாததால் திரேஸ்புரத்தில் ஒருநாள் பெரிய கலாட்டா. மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டோம். அவர் திரும்பிப் பார்த்து, கூடையைப் போட்டுவிட்டு அலறினார். "பேய் மாரி வந்து நிக்கியளே அண்ணாச்சி! ஒரு உறுமல் கிறுமல் வேண்டாமா?" மறுநாளே நல்ல மணிலாக் கயிற்றில் வெண்கல மணி ஒன்றைக் கட்டி காரின் முன்னால் தொங்கவிட்டார் அண்ணாச்சி. மணிச் சத்தத்தில் மதினி விழித்துக்கொண்டார். அண்ணாச்சியே மணியைக் கழற்றிவிட்டார். அதன்பிறகு கூட்டமான இடம் வந்தால் நான் இறங்கி, "வழி, வழி" என்று சொல்லிக்கொண்டு காருக்கு முன்னால் நடப்பேன்.

கேலி செய்கிறேனே தவிர, அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சொக்குகிறது. உப்பளத்துச் சாலையில் கார் போகும். போகிறது என்றே தெரியாது. வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் தாமாகவே நகர்ந்து பின்னால் போகும். பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வானம் செவ்வந்தி நிறத்தில் கிடக்கும். அதன்மேல் நாரைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்களில் ஒவ்வொரு விளக்காக எரியும். பின்னால் மதினியின் மெல்லிய குறட்டை. அண்ணாச்சி ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, யாரோ உள்ளே மூழ்கியிருப்பதுபோல அடிக்கடி கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொள்வார்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் மதினி தூக்கத்தில் பேசினார். தெளிவாகவே பேசினார்.

"தங்கராசு, சாப்புட்டியா ராசா?"

கார் தானாக மெதுவானது. அண்ணாச்சி சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு வெகுநேரம் உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இருந்து கூப்பிட்டார். "கெளம்புலே. மணப்பாட்டுல சும்மா கடலப் பாத்துட்டு வருவோம்."

ஏறி உட்கார்ந்து திரையைப் பார்த்தவன் திடுக்கிட்டேன். "அண்ணாச்சி, இருபதுதான் இருக்கு!"

"போதும்லே. கடலு எங்க ஓடிரப் போவுது?"

எண்பதுக்குக் கீழே தெருவைத் தாண்டாத மனிதர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முக்காணிப் பாலம் தாண்டியது, ஆத்தூர் வாழைத் தோட்டங்கள் தாண்டின. மூச்சை அடக்கவில்லை, ஏசியை அணைக்கவில்லை, சீட்டிகூட அடித்தார். திருச்செந்தூரில் சார்ஜ் போடும் இடத்தைக் காட்டினேன். "ஒரே கூட்டம்லே" என்று அழுத்திவிட்டார். அங்கே ஓர் ஆடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

உடன்குடி எல்லையில் திரை சிவப்பானது. தாயி இங்கிலீஷில் புலம்ப ஆரம்பித்தாள். மதினி விழித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார். கார் ஊர்ந்து ஊர்ந்து போய், கருப்பட்டி அடுக்கிவைத்த ஒரு கிட்டங்கியும் வீடுமாக இருந்த வாசலில், அளந்து நிறுத்தியதுபோல நின்றது.

தங்கராசு வெளியே வந்தார். காரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டயரைப் பார்த்தார்.

அண்ணாச்சி கேபிளை எடுத்துக்கொண்டு இறங்கினார். தொண்டையைச் செருமினார். வாசலைப் பார்த்துப் பேசினார்.

"வண்டிக்கு மூச்சு முட்டிருச்சு. இங்கன பிளக்கு எதுவும் இருக்கா?"

"கிட்டங்கில மோட்டாருக்கு உள்ளது இருக்கு அத்தான்" என்றார் தங்கராசு.

கேபிள் வாசலைத் தாண்டிக் கிட்டங்கிக்கு விறைப்பாகத்தான் எட்டியது. நடுவில் தங்கராசின் கன்றுக்குட்டி ஒன்று, கேபிளை நக்கிப் பார்த்து இழுக்க ஆரம்பித்தது. தங்கராசு பாய்ந்துபோய் கேபிளைத் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. பெஞ்சு ஒன்றை இழுத்துப் போட்டு, கேபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாப் பிடி" என்றார் அண்ணாச்சி.

"விட மாட்டேன் அத்தான்."

அந்தப் பிளக்கில் சார்ஜ் ஏறுவதற்குள் ஒரு படத்தை இரண்டு தடவை பார்த்துவிடலாம். ஆகவே மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அண்ணாச்சி கை நனைத்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கி நனைத்தார். சாப்பிட்டுவிட்டு மதினியைத் தேடினேன். தம்பி வீட்டு நடு ஹாலில், வெறும் தரையில், சேலைத் தலைப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிக்சி ஓடியது, பிள்ளைகள் சண்டை போட்டன. எதுவும் அவரை எழுப்பவில்லை. அண்ணாச்சி வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிட்டங்கிப் பக்கம் போய் மச்சினனின் பெஞ்சில் கொஞ்சம் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

திரும்பும்போது கேட்டுவிட்டேன். "வேணும்னேதான் பண்ணீங்களா அண்ணாச்சி?"

"ஏலே, வண்டிக்கு மூச்சு முட்டிச்சு. வண்டிக்குத்தான்."

நான் வேலை மாற்றலில் தனியாகச் சென்னைக்கு வந்து சில காலம் ஆகிறது. மதினி இப்போது வீட்டிலேயே தூங்குகிறார். கார் பெரும்பாலும் உடன்குடி வாசலில்தான் நிற்கிறதாம். அண்ணாச்சி மட்டும் அவ்வப்போது போன் செய்வார். ஹலோ எல்லாம் கிடையாது.

"எம்புட்டு மூச்சுலே இருக்கு?"

"நெறைய இருக்கு அண்ணாச்சி" என்பேன். பொய் என்று அவருக்குத் தெரியும். அவர் போனை வைக்க மாட்டார். நானாக வைக்கும்வரை, அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே இருப்பார்.