நெருப்பே இல்லாத அடுப்பைத் திரும்ப எடுத்துப் போகக் கோரி

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் அத்தை சுகம். நான் சுகமா என்பது, எங்கள் கல்யாண நாளுக்கு நீங்கள் வாங்கித் தந்த மைக்ரோவேவ் அடுப்பை வரும் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் திரும்ப எடுத்துப் போவீர்களா என்பதைப் பொறுத்தது.

நான் தீயணைப்பு நிலையத்திலேயே தலை நரைத்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். சமைக்கிற இடத்தில் நெருப்பு இருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பெட்டியில் உறுமல் இருக்கிறது, விளக்கு எரிகிறது, சோறு சுடுகிறது, நெருப்பை மட்டும் காணோம். கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று படக்கென்று கதவைத் திறந்தால் உடனே நின்றுவிடுகிறது. ஆள் வந்தால் ஒளிந்துகொள்கிற நெருப்பை என் சர்வீஸில் பார்த்ததில்லை. பொறுக்க முடியாமல் மெக்கானிக்கை வரவழைத்துக் கேட்டேன். "சார், இதுல நெருப்பே கிடையாது. உள்ளே ஒரு அலை வரும், அது சாப்பாட்டுல இருக்கிற தண்ணியைப் பிடிச்சு ஆட்டும், அந்த ஆட்டத்துலதான் சூடு வருது"ன்னு சொல்றான். தண்ணி! ஆயுசு பூரா எதை நம்பிக் குழாயைப் பிடிச்சேனோ, அதே தண்ணி எதிரி பக்கம் போய்ச் சேர்ந்துடுச்சு மாப்பிள்ளை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. உள்ளே சுத்துற கண்ணாடித் தட்டு ஆபத்துன்னு கழட்டி வெச்சேன், சோறு ஒரு ஓரம் ஆவி பறக்குது, இன்னொரு ஓரம் ஜில்லுன்னு கிடக்குது. அலை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி படாதாம், அதுக்குத்தான் தட்டு சுத்துதாம், யாரு கண்டா? அடுத்து ஒரு முழு உருளைக்கிழங்கைத் தோலோட வெச்சேன், உள்ளே இருந்த தண்ணி ஆவியாகி, வெளியே வர வழியில்லாம படார்னு வெடிச்சுது. "முள்கரண்டியால நாலு குத்து குத்தியிருந்தா ஆவி போயிருக்கும், இதுகூடத் தெரியாதா?"ன்னா அத்தை. எத்தனை கட்டடத்துல அவசர வழி இல்லைன்னு நோட்டீஸ் கொடுத்தவன் நான், ஒரு கிழங்குக்கு வைக்க மறந்துட்டேன். அடுத்த கிழங்கை ஆசை தீரக் குத்தினேன். குத்தின முள்கரண்டியை எடுக்காமலே உள்ளே வெச்சுட்டேன்.

பட்பட்னு நீலப் பொறி! பொய் சொல்வானேன், எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, பதுங்கியிருந்த ஆள் கடைசியில வெளியே வந்துட்டான்ல? எங்க குடியிருப்புக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் நான்தானே, விசிலை எடுத்து ஊதித் தள்ளினேன். மொத்தக் கட்டடமும் தெருவுல நிக்குது. கீழ்வீட்டுப் பல் டாக்டர் ஊசியோட வர்றாரு, பின்னாடியே அவர்கிட்ட வந்தவரு திறந்த வாயை மூடாம வர்றாரு. இதுக்குள்ள அத்தை சாவகாசமா பிளக்கைப் பிடுங்கிட்டா. "ஒரு உருளைக்கிழங்குக்காக எங்களை ரோட்டுல நிக்க வெச்சிட்டீங்களே சார், ஞாயித்துக்கிழமை கூட்டத்துல விசிலை ஒப்படைச்சிடுங்க"ன்னுட்டாரு குடியிருப்புச் செயலாளர். யூனிஃபார்ம் போயிடுச்சு, வண்டி போயிடுச்சு, மிச்சம் இந்த விசில் ஒண்ணுதான். அதுவும் போயிட்டா நான் வெறும் மாமனார்தான் மாப்பிள்ளை.

ஆகவே, பெட்டியை அப்புறப்படுத்தியாயிற்று என்று கூட்டத்தில் சொல்லி விசிலைக் காப்பாற்றிக்கொள்ள உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். மகளுக்கு என் ஆசிகள். எந்தத் தீயும் அண்டாமல் இருவரும் நெடுங்காலம் வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: இதை எழுதுகிற மும்முரத்தில் கேஸ் அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டேன். பால் பொங்கி வற்றித் தீய்ந்து, பக்கத்தில் கிடந்த கைத்துணி பற்றிக்கொண்டு, அசல் நெருப்பு, அதற்குண்டான எல்லா லட்சணங்களோடும் என் முதுகுக்குப் பின்னால் எரிந்திருக்கிறது. எனக்கு வாசனைகூட எட்டவில்லை. உங்கள் அத்தைதான் ஆணியில் மாட்டியிருந்த விசிலை எடுத்து ஊதிக்கொண்டே ஈரத் துண்டைப் போட்டு அமுக்கி அணைத்தாள். தண்ணீர் அவள் பேச்சைக் கேட்கிறது. எல்லோரும் ஒழுங்காக வரிசையில் இறங்கினார்கள், செயலாளர் தெருவில் வைத்தே கூட்டத்தை முடித்துவிட்டார். விசில் இப்போது அத்தையின் கழுத்தில். பெட்டி இங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து கேஸ் அடுப்பை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார் பாதுகாப்புப் பொறுப்பாளர்.