நீர்நாய்க்கு வளைகாப்பு

இந்தப் பூமியில் காட்டுயிர்களைக் காப்பாற்றி வருபவை இரண்டே. ஒன்று, இயற்கை. மற்றொன்று, எங்கள் 'ஸ்ரீரங்கம் கொள்ளிடக்கரை மக்கள் வனஉயிர்ச் சரணாலயச் சங்கம்'. இதில் முன்னதற்குப் பதிவு எண் கிடையாது.

செயலாளர் என்ற முறையில் எங்கள் சாதனைகளை அடக்கத்தோடு சொல்லிவிடுகிறேன். ஏழு ஆண்டுகளில் நட்சத்திர ஆமைக்கு ஆளுயர கட்அவுட் வைத்தோம். கூகை குடியிருந்த மரத்துக்கு சீரியல் லைட் போட்டோம். உடும்புப் புதரருகே மூன்று நாள் கருத்தரங்கம் நடத்தினோம். மூன்றுமே அதன்பின் தென்படவில்லை. அவை 'போதிய அளவு பாதுகாக்கப்பட்டுவிட்டன' என்று தீர்மானம் போட்டோம்.

மிச்சமிருந்தது ஒரு பெண் நீர்நாய். காவலாளி பிச்சமுத்துவுக்கு அதன்மேல் உயிர். கூட்டம் என்றாலே ஆற்றுப்பக்கம் நழுவிவிடுகிற மனிதர், அன்று தானாகவே கூட்டத்துக்கு வந்து நின்றார்.

"சினையா இருக்குங்க. நாணலுக்குள்ள பொந்து பாத்து வச்சிருக்கு. ஒரு மாசம் யாரும் அந்தப் பக்கம் வராம இருந்தா போதுங்க."

தலைவர் அறிவுமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரும் வரக்கூடாதுங்கறத எல்லாரையும் அந்த இடத்துக்கே கூப்பிட்டுச் சொல்லிடுவோம். இல்லன்னா எந்த இடத்துக்கு வரக்கூடாதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மறுக்க முடியாத வாதம். ஏகமனதாக நிறைவேறியது.

"அப்படியே வளைகாப்பும் போட்டுடலாங்க. தலைப்பிரசவம். விட்டா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார் துணைத் தலைவர் ஆனந்தவள்ளி.

"வளையல் முன்னங்கால்லயா, பின்னங்கால்லயா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஆராய உபகுழு அமைக்கப்பட்டது.

பிச்சமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "சத்தம் கேட்டா மெரண்டுருங்க. குட்டி தங்காதுங்க."

"அதுக்குத்தானே, சத்தம் போடாதீங்கன்னு மைக்ல சொல்லிக்கிட்டே இருக்கப் போறோம்" என்று தலைவர் தேற்றினார்.

நாணலை வெட்டிப் பந்தல் போட்டோம். நாதஸ்வரம், மண்ணச்சநல்லூர்ப் பொன்னி அரிசியில் ஐந்து வகைச் சாதம், எழுநூறு பேர். நீர்நாயின் படத்துக்குக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். நாயகி மட்டும் வரவில்லை. "மசக்கையா இருக்கும்" என்று ஆனந்தவள்ளி கூட்டத்தைச் சமாதானப்படுத்தினார்.

மறுநாள் பிச்சமுத்து தலைகுனிந்து வந்தார். "செத்துப்போச்சுங்க."

உண்மையாகவே அழுதோம். 'கண்ணீர் அஞ்சலி' பிளெக்ஸில் எங்கள் பதினேழு பேர் படமும், இடமிருந்த மூலையில் நீர்நாய் படமும் போட்டோம். பதிவேட்டில் 'காலமானார்' என்று என் கையாலேயே எழுதினேன். பாதுகாக்க எதுவும் இல்லாததால் அதன்பின் யாரும் ஆற்றுப்பக்கம் போகவில்லை.

சில வாரம் கழித்து, காற்றில் பறந்த பிளெக்ஸை எடுக்க நான் மட்டும் போனேன். எதிர்க்கரை நாணலோரம் பிச்சமுத்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரைக்கு நடந்தேன். அங்கே மடுவில் தாய் முன்னே போக, பின்னால் நான்கு குட்டித் தலைகள் நீந்திக்கொண்டிருந்தன.

பிச்சமுத்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க கால்ல வேணா விழறேன். சங்கத்துல சொல்லிடாதீங்க. செத்ததாவே இருக்கட்டுங்க."

சொல்லவில்லை. எங்கள் சங்கத்தின் பாதுகாப்பில் இன்றுவரை உயிரோடு இருப்பது, செத்துவிட்டதாக மற்றவர்கள் நம்பும் அந்த ஒன்றுதான்.