ஒன்பது பேர் இருந்த பேனர்

திருத்தங்கல்,
12.10.2007

இணையத் தமிழின் அணையாச் சுடரே, ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பிரவுசிங் சென்டரிலிருந்து உங்கள் வெறிபிடித்த வாசகன் முனியராஜின் வணக்கம். இங்கு நானும் அக்காவும் நலம். உங்கள் நலமும் உங்கள் தளத்தின் நலமும் அறிய ஆவல்.

இந்த வாரம் 'ஜால்ரா' என்ற சொல்லுக்குப் பொருளும் பயன்பாடும் கேட்டிருந்தீர்கள். ஒருவரைப் பற்றி அவரே நம்பாததை அவர் முகத்துக்கு நேரே சொல்வதுதான் ஜால்ரா. (மேலே நான் சுடரே என்றது உண்மை, ஜால்ரா இல்லை.)

பயன்பாடு: நான் பிரஸ்ஸில் பேனர் டிசைன் செய்பவன். யாரும் சொல்லித்தரவில்லை, நானே நோண்டிப் படித்தது. எங்கள் மாரிசெல்வி அக்கா வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனி முதலாளிக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. போர்மேன் சங்கையா அண்ணாச்சி வந்து, "ஏலே முனியா, மொதலாளி மனசு குளிரணும். எம்புட்டுப் புகழ முடியுமோ அம்புட்டும் போடு"ன்னாரு. அக்காவும் ரெண்டு வருசமா, மருந்து அடைக்கிற ரூம்லருந்து பேக்கிங்குக்கு மாத்திவிடச் சொல்லிக் கெஞ்சுது. மனசு குளுந்தா மாத்துவாருல்ல? 'நால்வர் அறையில் ஒன்பது பேருக்கு வாழ்வளித்த எட்டாவது வள்ளலே!'ன்னு போட்டேன். கீழ அக்கா ரூம் போட்டோ, அண்ணாச்சியே ஃப்ளாஷ் இல்லாம எடுத்தது. ஒன்பது பொம்பளைக, முழங்கால் இடிக்க உக்காந்து சிரிக்கிறாக. ஒரு ரூமுக்கு நாலு பேருதான் சட்டம். ஆபீசர் வந்தா மிச்ச அஞ்சு பேரும் வேப்பமரத்தடிக்கு ஓடிருவாக, அதான் பழக்கம். கம்பெனி வாசல்ல கட்டுன பேனர் எங்கன ஓடும்? ஆபீசர் ஜீப்ப நிப்பாட்டிப் படிச்சாரு, விரல் விட்டு எண்ணுனாரு. தீபாவளி சீசன்ல பதினொரு நாள் கம்பெனிக்குப் பூட்டு. அக்கா ரூம்ல வேல பாக்குற முத்துப்பேச்சி மதினி எங்க வீட்டு வாசல்ல நின்னு, "ஆபீசருக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்? எங்க எல்லாரு வாயிலயும் மண்ணப் போட்டுட்டியேலே!"ன்னு கத்துச்சு. அக்கா மட்டும் ஏசல. "பதினொரு நாளும் கையில மருந்து வாடை இல்லாமச் சோறு தின்னேன் தம்பி"ன்னுச்சு.

ஆகவே ஐயா, இனி உசுரே போனாலும் எவனுக்கும் ஜால்ரா அடிக்க மாட்டேன். இக்கடிதத்தை என் பெயரோடும் அந்தப் போட்டோவோடும் வெளியிடுங்கள். உலகம் எண்ணட்டும்.

உங்கள் தளம் ஒருநாளும் முடங்காதிருக்க எங்கள் மாரியம்மனை வேண்டும்,
முனியராஜ்

பி.கு: தயவுசெய்து வெளியிட வேண்டாம். அனுப்பும் முன்பு அண்ணாச்சி போன் அடிச்சாரு. "நாளைக்குக் கம்பெனி தெறக்குதுலே. மொதலாளி ஒன்னய மன்னிச்சிட்டாரு. புதுப் பேனர் போடு. அதே போட்டோதான், நாலு பேரு போதும்." அக்காவப் பேக்கிங்குக்கு மாத்துவாகளான்னு கேட்டேன். "மொதல்ல பேனரப் பாப்போம்"னாரு. இப்பதான் முடிச்சேன். ரூம்ல ஒன்பது பேருதான் உக்காருவாக, பேனர்ல நாலு. அக்காவத்தான் மொதல்ல வெட்டுனேன். ஓரத்துல இருந்துச்சு, வெட்ட லேசா இருந்துச்சு.