சாவியை எடுத்துக்கொண்டு போன ராக்கெட்

போர்ட் பிளேரில் ராக்கெட்டைத் திட்டாத ஆள் கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால் அவர் கப்பலில் ஏறாதவராகவும் ரோட்டில் இறங்காதவராகவும் இருக்க வேண்டும். கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "இல்லை" என்று சொல்வது அவர் உத்தியோகம். மீதி நேரத்தில் பைக்கில் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போவார். குறுகலான மேட்டு ரோடு, முந்த முடியாது. பின்னால் பஸ், லாரி, ஜீப் எல்லாம் சாமி ஊர்வலம் மாதிரி வரும். அதனால்தான் ராக்கெட். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

பனியனே உடம்பில் ஒட்டிக்கொள்கிற அந்தப் புழுக்கத்தில் அவர் தடித்த ஜாக்கெட் போடுவார். கையுறை, முழங்கால் கவசம், கணுக்காலை மூடுகிற பூட்ஸ், முகம் முழுக்க மறைக்கிற ஹெல்மெட். கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போனாலும் இதே வேஷம். முதல் தடவை அப்படிக் கடைக்குள் நுழைந்தபோது கடைக்காரர் கொள்ளைக்காரன் என்று பயந்து கல்லாவின் மேல் படுத்துவிட்டாராம். அவர் உடுத்தி முடிப்பதற்குள் நடந்து போனவன் கொத்தமல்லியோடு திரும்பி வந்துவிடுவான்.

நான் கச்சால் தீவு ஆள். என் அப்பாவைச் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் இறக்கினார்கள். நானும் அங்கேதான் மரத்தைக் கீறிப் பால் எடுத்தேன். சுனாமியில் வீடு போன பிறகு நானும் மனைவியும் தகரக் கொட்டகையில் வெந்து, கடைசியில் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஒரு வாடகை அறைக்கு வந்து சேர்ந்தோம். அடுத்த வீட்டில் ராக்கெட். குடும்பம் மெயின்லேண்டில், திருநெல்வேலிப் பக்கம்.

எல்லாரும் எங்களுக்குப் புத்தி சொன்ன காலம் அது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, வாய்விட்டு அழு, கடலைப் பார்த்துப் பயப்படாதே என்றெல்லாம் வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போனார்கள். போகாமல் பக்கத்திலேயே இருந்து கழுத்தறுத்த ஒரே ஆள் ராக்கெட்.

கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த எனக்கு, வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்க்கிற வேலை இருப்பதாகத் தெரியவந்தது. கராச்சர்மாவில் ஒரு ஒப்பந்தக்காரர் ஆள் எடுத்தார். மாதச் சம்பளம். நிபந்தனை ஒன்றுதான்: சொந்த பைக்கும் லைசென்ஸும் இருக்க வேண்டும். அவர் சொன்ன திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வந்து நிற்க வேண்டும். இது கிடைத்தால் அறையில் இருக்கலாம். இல்லையென்றால் திரும்பவும் தகரம்.

கச்சாலில் சைக்கிள்கூட ஓட்டாதவன் நான். கடன் வாங்கி ஒரு பெங்காலி வாத்தியாரிடம் பழைய பைக் வாங்கினேன். அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய நிமிஷமே சுவருக்கு மேலே ஹெல்மெட் தெரிந்தது. கூப்பிடாமலே வந்தார். சுற்றி வந்தார், குனிந்தார், செயினைத் தொட்டு விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். துரு.

"உப்புக் காத்துவே. வாரா வாரம் தொடச்சு ஆயில் போடலன்னா இது செயின் இல்ல, முறுக்கு."

மறுநாளிலிருந்து பாடம். டாலிகஞ்ச் பக்கம் ஒரு காலி இடத்தில், ஒரு வாரம் முழுக்க எஞ்சினைப் போடவே விடவில்லை. தள்ளு, திருப்பு, சாய்த்து நிமிர்த்து. வண்டியின் கனம் உடம்புக்குத் தெரிய வேண்டுமாம். மூட்டை தூக்கிவிட்டு வந்தவனை பைக்கையும் தூக்க வைத்தார். வழியில் போனவர்கள் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று பரிதாபப்பட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

ஹெல்மெட் மலிவாகக் கிடைத்ததென்று ஒன்று வாங்கிப் போனேன். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். ஹெல்மெட் திரும்பியது, முகம் அப்படியே இருந்தது. கன்னத்துத் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர்ந்தால்தான் அது தலைக்கானதாம். "இதுல சோறு பொங்கும்" என்று கழற்றிக் கையில் கொடுத்தார். விழுகிறவன் முதலில் கையைத்தான் ஊன்றுவான், ஆகவே கையுறை. செருப்போடு வந்தால் அன்றைக்குப் பாடம் கிடையாது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, எங்கே போக வேண்டுமோ அங்கே பார். நான் பள்ளத்தைப் பார்த்தேன், பள்ளத்துக்குப் போனேன். அதற்கும் திட்டு.

இதெல்லாம் சரியான புத்திதான். புதிதாக பைக் எடுக்கிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். என் சண்டை புத்தியோடு இல்லை.

லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குச் சில நாள் முன்னால் பின் சக்கரத்தில் கிறீச்சென்று சத்தம். மெக்கானிக் பிரித்துப் பார்த்து பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, சாமான் தீவில் இல்லை, அடுத்த கப்பலில் வரும் என்றார். அந்தமானில் எல்லாமே அடுத்த கப்பலில்தான் வரும். வெங்காயம் வரும், மாத்திரை வரும், மாப்பிள்ளை வருவான். அதுவரை யாரும் வண்டியை நிறுத்தி வைப்பதில்லை. முன் பிரேக் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது நல்ல மழை. சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் ராக்கெட் முழு வேஷத்தில் என் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முதல் நாளாம், வண்டியைப் பார்த்து அனுப்ப வந்தாராம். டயரை அமுக்கினார். என்னிடம் சாவியை வாங்கி விளக்கைப் போட்டார். பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதன் பிரேக்கைக் கையால் அழுத்தினார். அது அடிவரை போனது. சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது.

"பின் பிரேக்கு எங்கவே?"

"அடுத்த கப்பல்ல வருது அண்ணே."

"அப்ப நீரும் அடுத்த கப்பலுக்கு வேலைக்குப் போவும்."

சாவியை உருவி ஜாக்கெட்டின் உள்பையில் போட்டு, ஜிப்பை இழுத்தார். தன் வண்டியில் ஏறினார். நான் வேடிக்கை என்று நினைத்தேன். அவர் தெருமுனை தாண்டியதும் துரத்தினேன். ராக்கெட்தானே, ஓடியே பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது ஓடிப் பிடிக்க முடியாத வேகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பஸ் பிடித்து, ஈரத்தோடு, தாமதமாகக் கராச்சர்மா போய்ச் சேர்ந்தேன். வரிசையாக பைக்குகள் நின்றன. ஒப்பந்தக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காடி கிதர் ஹை?"

வண்டி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? ராக்கெட் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். முன்விளக்கும் மட்கார்டும் இல்லாத ஒரு வண்டியோடு வந்திருந்தவனுக்கு என் இடம் போனது. நான் பார்க்கப் பார்க்கப் போனது.

நேராக டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனேன். சென்னைக் கப்பலுக்குக் கூட்டம் நெரிந்தது. கம்பிக்கு வெளியே நின்று கத்தினேன். கச்சாலில் எத்தனை கெட்ட வார்த்தை உண்டோ அத்தனையும். ராக்கெட் தலையை நிமிர்த்தவில்லை.

"லைன்ல வாரும்" என்றார்.

கூட்டமும் அதையே சொன்னது. ஒரு தெலுங்குக்காரம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து "பாய்சாப், பீச்சே ஜாவ்" என்று பின்னால் தள்ளினார். நின்றேன். என் சாவிக்காக நான் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒவ்வொருவனுக்கும் அவர் நிதானமாக "இல்லை" சொல்லி முடித்து என் முறை வந்தபோது, சாவி கம்பிக்கு அடியில் வந்தது.

"என் வேல போச்சு" என்றேன்.

"வேலதான போச்சு. ஆளு முழுசா நிக்கீருல்லா. லைன மறிக்காதீரும்."

அவரோடு பேச்சை நிறுத்தினேன். அடுத்த கப்பலில் வந்த பிரேக் ஷூவை அவரே தேடி வாங்கி, நான் ஜெட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாட்டிவிட்டுப் போனார். அதற்கும் என் கோபம் ஆறவில்லை. மனைவி டாலிகஞ்சில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள், அதனால் அறை தப்பியது. ஆனால் அவளுக்கு ராக்கெட் மேல் கோபமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்கு மேலே மீன் குழம்பு போகும். நான் கத்துவேன். அவள் காதில் வாங்கமாட்டாள். அவள் அம்மாவும் தம்பியும் கச்சாலில் கடலோடு போனவர்கள். அவள் கணக்கு வேறு.

இரண்டு மூன்று வருஷம் போனது. ஜெட்டியை விட்டுவிட்டு, அதே பைக்கில் ஒரு பேக்கரிக்காகக் கடை கடையாக ரொட்டி போட ஆரம்பித்தேன். என் இடத்துக்குப் போனவனை தினமும் ரோட்டில் பார்ப்பேன். அதே மட்கார்டு இல்லாத வண்டி, தலையில் ஒன்றும் கிடையாது, காலில் ரப்பர் செருப்பு. இப்படி ஓட்டுகிறவன் விழுந்து நொறுங்கினான் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அவன் விழவில்லை. ஒரு கீறல் இல்லை. அது மட்டுமல்ல, அவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாக ஒரு நாள் கேள்விப்பட்டேன். அன்றைக்கு ரொட்டிக்கடையில் காரணமில்லாமல் இரண்டு பேரோடு சண்டை போட்டேன்.

சாயங்காலம் மழையில் ராக்கெட் எங்கள் வாசலில் வந்து நின்றார். கவுன்ட்டரில் யாரோ சொல்லிக் கேட்டு நேராக வந்திருந்தார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டார்.

"அவன் விழலியாமே."

"விழல" என்றேன்.

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

மழை ஜாக்கெட்டில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு "இல்லை"யை ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய், வார்த்தை தேடியது.

"அப்ப உம்ம வேலைய நாந்தான கெடுத்திருக்கேன்."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. வருஷக்கணக்காகப் பட்டை தீட்டி வைத்திருந்த பதில். வாயைத் திறப்பதற்குள் மனைவி டீயோடு வந்துவிட்டாள்.

"ஏன் அண்ணே நனையுறீங்க, உள்ளுக்கு வாங்க. இவரு ஏசுவாரு தானே, உக்காந்து கேளுங்க."

வந்தார். கையுறை, ஹெல்மெட், ஜாக்கெட், முழங்கால் கவசம், பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக அவர் கழற்றி முடிக்கிறவரை நான் திட்டினேன். ஒன்றையும் விடவில்லை. அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. அதற்குள் டீ ஆறிவிட்டது. அதை நான் எடுத்துக் குடித்துவிட்டு, அவருக்குச் சூடாக வேறு போடச் சொன்னேன்.