வலையில் காய்ந்த மேகம்

தோட்டவெளிக் கிராமத்தில் வானத்தை வானத்துக்காகவே பார்த்த ஒரே மனிதர் எங்கள் மேகக்காரர்தான். நாங்கள் எல்லாரும் மழை வருமா, கருவாடு நனையுமா என்றுதான் அண்ணாந்து பார்ப்போம்.

அவர் பிரான்சிலிருந்து வந்த ஓவியர். பக்கத்து வீட்டில் ஓர் அறை எடுத்து மூன்று மாதம் இருந்தார். கடற்கரையில் குடையை நட்டு, கதிரையில் இருந்து, காலை முழுக்க ஒரே மேகத்தைக் கீறுவார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், மரியாதை குறையாது. படத்தை மோப்பம் பிடிக்க வரும் கழுதைகளிடம்கூட, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்பார். கழுதைகள் அசையா. அவர்தான் கதிரையைத் தள்ளிப் போடுவார்.

ஒருநாள் பாதிப் படத்தோடு என் மாமியிடம் வந்தார்.

"அம்மா, நேற்றைய மேகம் இனி எப்ப வரும்?"

"உயிலங்குளம் பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வாறேல்ல. மேகத்தை நான் ஆரிட்டக் கேக்கிறது?"

கடைசியில் ஒரு படம் முடிந்தது. அவருடைய ஊர்க் கண்காட்சிக்கு அது ஒன்றுதான். மறுநாள் பயணம், வர்ணமோ இன்னும் ஈரம். வெயிலும் காற்றும் படட்டும் என்று, நாங்கள் கருவாடு காயப்போடும் வலைப் பரணின் ஓரத்தில் கிடத்தினார். "பாத்துக்கொள்ளுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு மன்னாருக்குப் போனார்.

நானும் பார்த்தேன். காகத்தைப் பார்த்தேன். இடுப்பிலிருந்த என் பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைப் பத்துத் தரம் தொட்டுப் பார்த்தேன். மத்தியானம் மீன்களைத் திருப்பிப் போடும் நேரம். கை தன்பாட்டில் வேலை செய்தது. கடைசி மீனுக்குப் பிறகு படத்தையும் குப்புறப் போட்டுவிட்டேன்.

அவர் வந்து தூக்கினார். வானம் முழுக்க வலையின் கட்டங்கள். நடுவில் ஒரு மீன் செதிள்.

"ஆர் செய்தது?"

"காத்து" என்றார் மாமி உடனே.

"காத்து இவ்வளவு நேராக் கோடு போடாது, அம்மா."

"நான்தான்" என்றேன். "ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சால் பழுதாப்போகும் எண்டு..."

அவர் மணலில் குந்தி வெகுநேரம் பார்த்தார். மாமி கொடுத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. நான் செதிளை எடுக்கக் கை நீட்டினேன்.

"விடுங்கோ. நான் கீறின மேகத்தை விட அது நல்லா மின்னுது."

படத்தை அப்படியே கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து ஒரு புகைப்படம் அனுப்பினார்: வெள்ளைச் சுவரில் எங்கள் வலை, எங்கள் செதிள், கீழே நிறைய ஆட்கள்.

இப்போதும் மத்தியானத்தில் கருவாட்டைத் திருப்பிவிட்டு நான் ஒருமுறை மேலே பார்க்கிறேன். மழைக்காக இல்லை.