சந்தனம் பூசின ஹார்ட் டிஸ்க்

ஒரு காட்டுல ஒரு காலேஜ் இருந்துச்சு. மரத்துக்கு மரம் வைஃபை, ஆனா மொத்தத்துக்கும் ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். பரீட்சை அன்னைக்குன்னு பார்த்து அதோட ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டுருச்சு. எல்லாரோட ஹால் டிக்கெட்டும் அதுக்குள்ள.

சர்வருக்குப் பொறுப்பு கரடி சார். "பதறாதீங்கப்பா, வேற இடத்துல காப்பி இருக்கு. புது டிஸ்க்கை மாட்டி அதுல ஏத்திட்டா முடிஞ்சுது"ன்னாரு.

மாட்டினாரு. சர்வர் கண்டுக்கவே இல்ல. லிஸ்ட்ல டிஸ்க் பேரே காணோம். திரும்பத் தேடச் சொல்லி கமாண்டு குடுத்தாரு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாரு. எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாரு. ம்ஹூம்.

ரெண்டு மணிக்குப் பரீட்சை. இப்ப மணி ஒண்ணே கால். வரிசையில நின்ன முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துருச்சு. இந்த ஒரு பேப்பரை விட்டா அதுக்கு ஒரு வருஷம் போச்சு.

"சார், டிஸ்க்கை வெளிய எடுங்க, பாப்போம்."

"நீ என்ன பெரிய இஞ்சினீயரா? வரிசையில நில்லு."

"நின்னு நின்னு வேரே விட்டாச்சு சார். எடுங்க!"

எடுத்தாரு. ரூமே கமகமன்னு மணந்துச்சு. டிஸ்க்குக்கு மேல குங்குமம், கீழ சந்தனம். சர்வருக்குள்ள சொருகுற பல்லு மேலயும் அப்பி வெச்சிருந்தாரு.

"என்ன சார் இது?"

"புதுப் பொருள்டா. பூஜை போடாம மாட்டுவாங்களா?"

"பூஜை போடுங்க, அதுக்குன்னு வாயை அடைச்சா போடுவாங்க? அப்புறம் எப்படி சார் அது பேசும்?"

முள்ளம்பன்றி முதுகுல இருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, காஞ்ச சந்தனத்தைப் பதமா சுரண்டி, டிஸ்க்கை மாட்டுச்சு. லிஸ்ட்ல பேரு வந்துருச்சு! கொஞ்ச நேரத்துல ஹால் டிக்கெட்டும் பிரிண்ட் ஆக ஆரம்பிச்சுது.

கரடி சார் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "பாத்தியா, எலுமிச்சம்பழம் வேலை செஞ்சுருச்சு!"

அம்புட்டுதான். மானும் முயலும் டிக்கெட்டைப் பிடுங்கிட்டு ஹாலுக்கு ஓடுச்சுங்க. முள்ளம்பன்றி நகரல.

"சந்தனத்தை எடுத்ததாலதான் வந்துச்சுன்னு ஒத்துக்கோங்க."

"பழம்டா."

"சந்தனம் சார்."

"டேய், மணி அடிக்கப் போறாங்க, போடா."

"அடிக்கட்டும். திரும்பப் பூசி மாட்டிக் காட்டவா?"

மூணே முக்காலுக்குத்தான் கரடி சார் கையெடுத்துக் கும்பிட்டாரு. "சரிடாப்பா, சந்தனம்தான். ஆளை விடு."

முள்ளம்பன்றி நெஞ்சை நிமித்திக்கிட்டு ஹாலுக்குப் போச்சு. கதவு சாத்தியிருந்துச்சு. ஒரு வருஷம் போச்சு. நேரா கேன்டீனுக்கு நடந்துச்சு. அன்னைக்குக் குடிச்ச டீ மாதிரி ஒரு டீயை அது அதுவரைக்கும் குடிச்சதே இல்ல.

நீதி: பரீட்சை அடுத்த வருஷமும் வரும். வாத்தியார் தப்பை ஒத்துக்கிறது ஜென்மத்துக்கு ஒரு தடவைதான் வரும். விட்டுடாதீங்க.